தாய்லாந்து, மலேசியா ஒரு வாரம்: "விசா வேண்டாம்" என்றால் கையில் என்னென்ன இருக்கணும்?

#1 கல்மண்டபம்

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்துலேர்ந்து ஆகஸ்ட் முதல் வாரம் குடும்பத்தோட கிளம்புறதா இருக்கோம். அப்பா, அம்மா, நான், மனைவி, ஆறு வயசுப் பையன். பாங்காக் நாலு நாள், கோலாலம்பூர் மூணு நாள். சிங்கப்பூரையும் சேர்த்துக்கலாமான்னு வீட்டுல ஒரு பேச்சு ஓடுது.

ரெண்டு நாட்டுக்கும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு சொல்றாங்க. ஆனா எங்ககிட்ட நாலு சிக்கல் இருக்கு. அம்மா பாஸ்போர்ட்டுல ஈசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேணும்ங்கிற குறிப்பு) போட்டிருக்கு. அப்பா பாஸ்போர்ட்டுல சர்நேம் கட்டம் காலி, பேரு மட்டும்தான். மனைவி பாஸ்போர்ட் டிசம்பர்ல முடியுது. மண்ணடியில ஒரு ட்ராவல்ஸ்ல அரைவல் கார்டு (அந்த நாட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற படிவம்) போட்டுத் தர தலைக்கு 1500 கேக்குறாங்க. டிக்கெட் இன்னும் போடல. எதை முதல்ல பார்க்கணும்?

#2 டோல்கேட் டிக்கெட்டிங்

டிக்கெட் போடலைங்கிறது நல்ல விஷயம். மனைவி பாஸ்போர்ட்டுல கை வைங்க முதல்ல. மத்ததெல்லாம் அப்புறம்.

தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா எல்லாமே நீங்க அங்க இறங்குற நாள்லேர்ந்து ஆறு மாசம் பாஸ்போர்ட் உயிரோட இருக்கணும்னு கேக்குறவங்க. ஆகஸ்ட்ல இறங்கினா பிப்ரவரி தாண்டணும். டிசம்பர்ல முடியுற பாஸ்போர்ட்டோட மீனம்பாக்கம் போனா, இமிக்ரேஷன் வரைக்கும்கூடப் போக மாட்டீங்க. ஏர்லைன் கவுன்ட்டர்லயே நிறுத்திடுவாங்க.

ஏன் ஏர்லைன்காரன் இவ்வளவு கறாரா இருக்கான்னு பல பேருக்குப் புரியறதில்லை. அந்த நாட்டுல உள்ள விடலைன்னா திருப்பிக் கூட்டிட்டு வர வேண்டிய பொறுப்பு ஏர்லைனுக்கு, அபராதமும் உண்டு. அதனால கவுன்ட்டர்ல இருக்கிறவங்க டிமாட்டிக்னு ஒரு சிஸ்டத்துல உங்க பாஸ்போர்ட் நாடு, போற நாடு, முடிவுத் தேதி எல்லாம் தட்டிப் பார்ப்பாங்க. அதுல 'இல்லை'ன்னு வந்தா அழுதாலும் போர்டிங் பாஸ் வராது. "எங்க மாமா போன மாசம்தான் இப்படியே போனாரு"ன்னு சொல்றதெல்லாம் அங்க செல்லாது.

ஆக, மூணு கவுன்ட்டர் இருக்குன்னு வெச்சுக்கங்க. ஏர்லைன், நம்ம இமிக்ரேஷன், அந்த ஊர் இமிக்ரேஷன். மூணு பேரும் கேக்குறது வேற வேற. விசா வேண்டாம்னு சொல்றது மூணாவது கவுன்ட்டர் சமாச்சாரம் மட்டும்தான், அதுவும் பாதிதான்.

ரீ-இஷ்யூ (பழைய பாஸ்போர்ட்டுக்குப் பதிலாப் புதுசு வாங்குறது): முடிவுத் தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே போடலாம். 36 பக்கம் 1500 ரூபாய், 60 பக்கம் 2000. தட்கல்னா அதுக்கு மேல 2000. வடசென்னைக்காரங்களுக்கு அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திரம் பக்கம். சாலிகிராமம், தாம்பரத்துல அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைச்சா அங்கயும் போகலாம். ஆதார் முகவரியும் இப்ப குடியிருக்கிற முகவரியும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. வாடகை வீடு மாறினவங்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் இழுக்குறது பெரும்பாலும் இதனாலதான்.

புது நம்பர் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்க.

#3 வியாசை பையன்

ப்ரோ, அம்மாவுக்கு ஈசிஆர்னா மலேசியா, தாய்லாந்து ரெண்டுமே லிஸ்ட்ல இருக்கு. கிளியரன்ஸ் வாங்காம விடமாட்டாங்க. எங்க ஏரியாவுல எல்லாரும் அதான் சொல்றாங்க.

#4 பாரிமுனை

தம்பி, பாதிதான் சரி. அந்த இரண்டு நாடுகளும் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே. சுற்றுலாவுக்குப் போகும் ஈசிஆர் பாஸ்போர்ட்காரர் எங்கும் போய் கிளியரன்ஸ் வாங்க வேண்டியதில்லை.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், சென்னை இமிக்ரேஷனில் ஈசிஆரைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். "எதுக்குப் போறீங்க, எப்ப வர்றீங்க, யார் கூட?" திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு இரண்டையும் அச்செடுத்து அம்மா கையிலேயே கொடுங்கள். மகனிடம் இருக்கிறது என்று அவர் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. குடும்பமாக ஒரே கவுன்ட்டருக்குப் போங்கள். தனியாகப் போகும் இளைஞர்களுக்குத்தான் இந்தக் கேள்விகள் நீளும். காரணத்தைக் கீழே யாராவது சொல்வார்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு 50 வயது தாண்டியிருந்தால் ஈசிஆரை எடுத்துவிடலாம். பத்தாவது தேறியவர், வருமான வரி கட்டுபவர், அவரைச் சார்ந்திருக்கும் துணைவர் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. மருமகள் பாஸ்போர்ட்டுக்குப் போகும்போதே அம்மாவுக்கும் ரீ-இஷ்யூ போட்டுவிடுங்கள். தனியாக இன்னொரு முறை அமைந்தகரைக்கு அலைய வேண்டாம்.

#5 எண்ணூர் அக்கா

அரைவல் கார்டுக்கு 1500ஆ! அது மொத்தமும் இலவசம் தம்பி. காசு கேக்குற தளம் எதுவா இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்ல.

தாய்லாந்து: அவங்க அரைவல் கார்டுக்கு டிடிஏசின்னு பேரு. 2025 மே 1லேர்ந்து கட்டாயம். இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள போடணும். முகவரி "டாட் ஜிஓ டாட் டிஎச்"னு முடியணும்.

மலேசியா: எம்டிஏசி. இதுவும் மூணு நாள்.

சிங்கப்பூர் போனா எஸ்ஜி அரைவல் கார்டு. இறங்குற நாளையும் சேர்த்து மூணு நாள்.

குழந்தைக்கும் தனியாப் போடணும். அஞ்சு பேர்னா அஞ்சு கார்டு. குடும்பமா சேர்த்துப் போடுற வசதி சிலதுல இருக்கு, ஆனாலும் பேரு பேரா விவரம் வேணும்.

இப்ப தப்பு எங்க நடக்கும்னு சொல்றேன். சென்னையிலேர்ந்து பாங்காக், கோலாலம்பூர் விமானம் நிறைய ராத்திரி 11 மணிக்கு மேலதான். கிளம்புறது 3ஆம் தேதி, இறங்குறது 4ஆம் தேதி காலைல. கார்டுல கேக்குறது இறங்குற தேதி, அதுவும் அவங்க ஊர்க் கணக்குல. தாய்லாந்து நம்மளவிட ஒன்றரை மணி நேரம் முன்னாடி, மலேசியாவும் சிங்கப்பூரும் ரெண்டரை மணி நேரம் முன்னாடி. 12:20க்குக் கிளம்புற டிக்கெட்டைப் பார்த்து "அன்னிக்கு ராத்திரி ஏர்போர்ட் போகணும்"னு நெனச்சு ஒரு நாள் பிந்திப் போறவங்க இன்னும் இருக்காங்க. 4ஆம் தேதி 12:20ன்னா 3ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு நீங்க ஏர்போர்ட்ல இருக்கணும்.

பாஸ்போர்ட் நம்பர்: நம்ம நம்பர்ல முதல்ல ஒரே ஒரு ஆங்கில எழுத்து, அப்புறம் ஏழு இலக்கம். அதனால எழுத்துக்குப் பிறகு வர்ற வட்டமெல்லாம் பூஜ்யம்தான், 'ஓ' இல்ல. போன்ல படம் பிடிச்சு ஏத்தினா சில சமயம் அது 'ஓ'ன்னு படிச்சிடும். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி கண்ணால பாருங்க.

மலேசியாவுக்குள்ள ஒவ்வொரு தடவை நுழையும்போதும் புது எம்டிஏசி. கோலாலம்பூர்லேர்ந்து பஸ்ல சிங்கப்பூர் போய் ஜோகூர் வழியாத் திரும்பி வந்தா ரெண்டாவது கார்டு வேணும். நிறைய பேர் எல்லைப் பாலத்துல நின்னுக்கிட்டு போன்ல ஃபில் பண்ணுறது இதுக்குத்தான்.

#6 டோல்கேட் டிக்கெட்டிங்

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ட்ராவல்ஸ்காரங்க பக்கமும் ஒரு வார்த்தை: போன்ல படிவம் நிரப்பத் தெரியாதவங்களுக்கு உட்கார்ந்து போட்டுக் கொடுத்தா அதுக்கு ஒரு கூலி வாங்குறது தப்பில்ல. ஆனா அதை "கவர்மென்ட் ஃபீஸ்"னு சொல்லி வாங்குறது தப்பு. பில் கேளுங்க, சர்வீஸ் சார்ஜ்னு எழுதித் தருவாங்களான்னு பாருங்க.

விசா விலக்கு பத்தி: மலேசியா 2023 டிசம்பர் 1லேர்ந்து 30 நாள் விலக்கு கொடுத்து, 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்கு. தாய்லாந்து 2023 நவம்பர்ல 30 நாள்னு ஆரம்பிச்சு, 2024 ஜூலை 15லேர்ந்து 60 நாள் ஆக்கிச்சு. தாய்லாந்துக்காரங்க இந்தக் கணக்கை அடிக்கடி மாத்துறவங்க. அதனால டிக்கெட் போடுற அன்னிக்கு தூதரகத் தளத்துல ஒரு தடவை பாருங்க. யூட்யூப் வீடியோ எந்தத் தேதியில போட்டதுன்னு பார்க்காம நம்பாதீங்க.

#7 பாரிமுனை

அப்பாவின் பெயர் விஷயத்தை யாரும் தொடவில்லை. நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதுதான் தலைவலி, விரிவாகச் சொல்கிறேன்.

நாம் பெயருக்கு முன்னால் இன்ஷியல் போடுகிறவர்கள். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் கிடையாது, விரித்து எழுத வேண்டும். விரித்து எழுதாமல் பெயரை மட்டும் 'கிவன் நேம்' கட்டத்தில் போட்டு சர்நேமைக் காலியாக விட்ட பழைய பாஸ்போர்ட்டுகள் ஏராளம். "முருகன்" என்று ஒற்றைச் சொல், அவ்வளவுதான்.

தாய்லாந்து, மலேசியா: இதற்காகத் திருப்பி அனுப்புவதில்லை. தொந்தரவு டிக்கெட்டில்தான். ஏர்லைன் தளம் கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், "முருகன் முருகன்" என்று. சிலவற்றில் வேறு முறை. அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒற்றைப் பெயருக்கு என்ன விதி என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தப்பித் தவறிக்கூட அந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயரைப் போடாதீர்கள். பாஸ்போர்ட் முதல் பக்கத்தில் இல்லாத பெயர் டிக்கெட்டில் இருந்தால் அது வேறு ஆள். பாஸ்போர்ட் எண்ணை டிக்கெட்டில் பிறகு மாற்றலாம், பெயரை மாற்றுவது பெரும்பாலும் புது டிக்கெட் விலைக்கு வந்து நிற்கும்.

அமீரகம்: இங்கே கதை வேறு. 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா சிக்கல். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தினார்கள். துபாய் போகும் எண்ணம் பின்னால் இருந்தால் இப்போதே ரீ-இஷ்யூவில் பெயரைப் பிரித்துவிடுவது நல்லது. ஆனால் ஆதார், பான், வங்கி எல்லாம் அதே வடிவில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பழையபடி விட்டால் பின்னால் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கும் விசாக்களில் மாட்டிக்கொள்வீர்கள்.

குழந்தை: பையனின் சர்நேம் தகப்பன் பெயர், தாயின் சர்நேம் கணவன் பெயரோ தன் தகப்பன் பெயரோ, தாத்தாவுக்கு எதுவுமே இல்லை. ஒரே குடும்பம் என்று வெளிநாட்டுக்காரருக்குப் பார்த்தவுடன் தெரியாது. மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். பையனின் பாஸ்போர்ட்டு முடிவுத் தேதியையும் பாருங்கள். குழந்தைகளுக்கு ஐந்து வருடம்தான், அது பத்து என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

#8 கல்மண்டபம்

பையனோடது அடுத்த மார்ச்ல முடியுது. ஆறு மாசம் இருக்கு, தப்பிச்சோம். பணம் எவ்வளவு காட்டணும்? சிங்கப்பூரும் சேர்த்தா என்ன கூடும்?

#9 எண்ணூர் அக்கா

தாய்லாந்து விசா விலக்குல வர்றவங்க தலைக்கு 20,000 பாட், குடும்பத்துக்கு 40,000 பாட் காட்டணும்ங்கிறது விதி. எல்லாரையும் கேக்க மாட்டாங்க. கேட்டா காட்ட முடியணும். ஃபாரெக்ஸ் கார்டு, கிரெடிட் கார்டு இருக்குன்னு சொல்லி ரொக்கமே இல்லாம நிக்காதீங்க. ரொக்கமாக் கொஞ்சம், மீதி கார்டுல. அந்நிய ரொக்கம் ஒரு பயணத்துக்கு 3000 டாலர் மதிப்பு வரைக்கும்தான் எடுத்துட்டுப் போகலாம். நம்ம ரூபாய் நோட்டு 25,000க்கு மேல வெச்சிருக்கக் கூடாது. பர்மா பஜார் பக்கம் ரசீது இல்லாம மாத்தித் தர்றேன்னு கூப்பிடுவாங்க, வேண்டாம். ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் உள்ள மணி சேஞ்சர்கிட்ட பாஸ்போர்ட், டிக்கெட் காட்டி ரசீதோட வாங்குங்க.

ஓட்டல்: முதல் ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணிட்டு மீதிய அங்க போய் பார்த்துக்கலாம்னு போறவங்கதான் கோலாலம்பூர்ல ஓரமா உட்கார வைக்கப்படுறாங்க. எல்லா ராத்திரிக்கும் கேன்சல் பண்ணக்கூடிய புக்கிங் போடுங்க, எல்லார் பேரும் அதுல வரணும். ஒருத்தர் பேர்ல மட்டும் புக் ஆகி "4 பெரியவர், 1 குழந்தை"ன்னு இருந்தா, தனித்தனி கவுன்ட்டர்ல நிக்க வேண்டி வந்தா அம்மாவுக்கு அது உதவாது.

சிங்கப்பூருக்கு விசா வேணும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், நிராகரிச்சாலும் திரும்ப வராது. இங்கிருந்து நீங்களே நேராப் போட முடியாது, அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாத்தான். ஃபார்ம் 14ஏங்கிற விண்ணப்பப் படிவம், வெள்ளைப் பின்னணியில 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ. பழைய ஸ்டூடியோ போட்டோவ ஸ்கேன் பண்ணி அனுப்பாதீங்க, போட்டோவாலதான் பாதி திரும்பி வருது. ஒரு வாரமாவது கையில வெச்சுக்கங்க.

#10 வியாசை பையன்

டம்மி டிக்கெட் போட்டுக்கலாமா? 300 ரூபாய்க்குப் போட்டுத் தராங்களே.

#11 டோல்கேட் டிக்கெட்டிங்

ரெண்டு விதம் இருக்கு. நிஜ பிஎன்ஆர் (முன்பதிவு எண்) போட்டு சில நாள் பிடிச்சு வெச்சிருக்கிறது ஒண்ணு. வெறும் பிடிஎஃப்ல பேரை மாத்தி அடிச்சுத் தர்றது இன்னொண்ணு. ரெண்டாவது போலி ஆவணம், பேச்சே இல்ல. முதலாவதும் பிஎன்ஆர் காலாவதியானதும் ஏர்லைன் தளத்துல எதுவும் காட்டாது. தாய்லாந்து, மலேசியா போறவன் திரும்பி வர நிஜ டிக்கெட் வெச்சிருக்கணும். ஏர்லைன் கவுன்ட்டர்லயே கேப்பாங்க.

ஐரோப்பா போற ஷெங்கன் விசாவுக்குத்தான் முன்பதிவு போதும், விசா வந்த பிறகு டிக்கெட் வாங்கினாப் போதும். அதுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலேர்ந்து 15 நாள் முன்னாடி வரைக்கும் போடலாம். காசிமேட்டுல ரொக்கத்துல தொழில் பண்றவங்க அடிபடுறது அங்கதான். கணக்குல மூணு மாசமா ஒண்ணும் நடக்காம, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் ஐந்து லட்சம் வந்து விழுந்தா அந்தப் பணம் யாருதுன்னு கேப்பாங்க. உத்யம் (சிறுதொழில்) பதிவு, ஜிஎஸ்டி இருந்தா அது, வருமான வரி ரிட்டர்ன், அன்றாட வரவு ரெகுலரா போடுற கணக்கு. இதெல்லாம் ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிக்க வேண்டிய வேலை.

#12 மாடரேட்டர்

"விசா 100% கியாரண்டி" விளம்பரம் போட்ட பதிவு நீக்கப்பட்டது. விசா கொடுப்பது தூதரகம், ஏஜென்ட் அல்ல. ஷெங்கன் பேச்சைத் தனி இழையில் தொடரவும்.

#13 பாரிமுனை

இளைஞர்களை ஏன் குடைகிறார்கள் என்று மேலே விட்டிருந்தேன், நானே சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி டூரிஸ்டாக அனுப்பி, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த சம்பவங்களுக்குப் பிறகு இந்தக் கெடுபிடி. சுற்றுலா நுழைவில் வேலை செய்ய எந்த நாட்டிலும் உரிமை கிடையாது. "போய் இறங்கு, விசாவை அங்கே மாத்திக்கலாம்" என்று சொல்கிறவனை நம்ப வேண்டாம்.

இன்னொரு வகை நம் பாரிமுனை, மண்ணடிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த குருவி வேலை. டிக்கெட் இலவசம், ஓட்டல் இலவசம், வரும்போது ஒரு பை மட்டும் கொண்டுவா. உள்ளே என்ன இருந்தாலும் கஸ்டம்ஸில் பொறுப்பு கொண்டுவந்தவருக்கு. குடும்பமாகப் போகிறவர்களிடம் ஏர்போர்ட் வரிசையில்கூட "எடை கூடிப்போச்சு, இதைப் பிடிங்க" என்பார்கள். அம்மா இரக்கப்பட்டு வாங்கிவிடப் போகிறார், முன்பே சொல்லிவையுங்கள்.

#14 வியாசை பையன்

பாஸ்போர்ட்டே இல்லாத ஃப்ரெண்ட்ஸுக்கு நேபாளம் ஓகேவா? ஆதார் போதும்னு சொல்றான் ஒருத்தன்.

#15 எண்ணூர் அக்கா

விமானத்துல போனா பாஸ்போர்ட் இல்லேன்னா வாக்காளர் அட்டை. ஆதார் 15 வயசுக்குக் கீழ, 65க்கு மேல இருக்கிறவங்களுக்குத்தான். பூடானுக்கும் வாக்காளர் அட்டை செல்லும், ஆனா அங்க நுழைவு அனுமதி வாங்கணும், இந்தியர்களுக்கு ஒரு ராத்திரிக்கு 1200 ரூபாய் கட்டணம்.

கென்யா பக்கம் போறவங்க யாராவது படிச்சா: மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாம திரும்பி வந்தா இங்கயே ஆறு நாள் வரைக்கும் தனிமைல வைப்பாங்க. நமக்கு ராஜாஜி சாலையில துறைமுக சுகாதார அலுவலகம் பக்கத்துலயே இருக்கு, இல்லேன்னா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும். முந்தின நாள் போய் நிக்காதீங்க.

#16 டோல்கேட் டிக்கெட்டிங்

ஏர்போர்ட் போறதுக்கு: விம்கோ நகர்லேர்ந்து ஏர்போர்ட் வரைக்கும் ஒரே மெட்ரோ, மாறவே வேண்டாம். ராயபுரத்துக்காரங்க வண்ணாரப்பேட்டையில ஏறலாம். ஆனா ராத்திரி 11 மணிக்கு மேல ஓடாது. போகும்போது சரி, அகாலத்துல வந்து இறங்கினா கால்டாக்ஸிதான். சர்வதேச செக்-இன் பொதுவா 60 நிமிஷத்துக்கு முன்னாடியே மூடிடும், வயசானவங்க இருந்தா மூணு மணி நேரம் முன்னாடி போங்க. வீல்சேர் வேணும்னா டிக்கெட் போடும்போதே சொல்லணும், அங்க போய் கேட்டா காத்திருக்க வைப்பாங்க.

அடிக்கடி போறவங்க எஃப்டிஐ-டிடிபிங்கிற, இமிக்ரேஷனை வேகமாத் தாண்டுற அரசுத் திட்டத்துல பதிவு பண்ணலாம். 2025 ஜனவரியிலேர்ந்து சென்னையிலயும் இருக்கு, இலவசம்தான். கைரேகை, முகம் ஒரு தடவை கொடுத்துட்டா தானியங்கி வாசல் வழியாப் போகலாம். உங்களுக்கு இந்தத் தடவைக்கு அது தேவையில்ல.

#17 கல்மண்டபம்

எல்லாருக்கும் நன்றி. மனைவிக்கும் அம்மாவுக்கும் ரீ-இஷ்யூ போட்டாச்சு. அப்பாவோடதை அப்படியே விட்டுட்டு, ஒற்றைப் பேரை ஏத்துக்குற ஏர்லைன்ல புக் பண்றோம். சிங்கப்பூர் இந்தத் தடவை வேண்டாம்னு முடிவு. அப்பாவுக்கு சுகர், பிரஷர் மாத்திரை. அம்மா பொடியெல்லாம் அரைச்சுக்கிட்டு இருக்காங்க. எதாவது பிரச்சனை வருமா?

#18 எண்ணூர் அக்கா

மாத்திரைய டப்பாவுல கொட்டாம அட்டையோட, டாக்டர் சீட்டோட வைங்க. சீட்டுல மருந்தோட மூலப் பேரு ஆங்கிலத்துல இருக்கணும். பிராண்டு பேரு அங்க யாருக்கும் தெரியாது. தேவையான அளவுக்கு மேல நாலு நாள் கூடுதலா, அதுவும் கைப்பையில, பெட்டியில இல்ல.

மிளகாய்ப்பொடி, இட்லிப்பொடி பெட்டியில போடுங்க, கைப்பையில வேண்டாம். கசகசாவைத் தொடவே தொடாதீங்க. சிங்கப்பூர், அமீரகத்துல அது போதைப்பொருள் கணக்கு, வழியில விமானம் மாறினாலும் வம்பு. யாராவது இ-சிகரெட் வெச்சிருந்தா வீட்டுலயே வெச்சிட்டு வரச் சொல்லுங்க. தாய்லாந்துல பிடிப்பாங்க.